தனப்பிரியா போர்வெல்ஸ்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அதன் பேர் ஜாதகத்தில் ஏறுகிறதோ இல்லையோ, லாரியில் ஏறிவிடும். ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களில் இது எழுதாத சட்டம். தன் பேரை எவனும் எழுதிக்கொள்ளமாட்டான். கவின் போர்வெல்ஸ், தர்ஷன் ரிக்ஸ் என்று சத்தீஸ்கர் காட்டுக்குள்ளும் ராஜஸ்தான் மணலுக்குள்ளும் நம்மூர்ப் பிள்ளைகளின் பேர்தான் ஓடிக்கொண்டிருக்கும். பேருக்குக் கீழே ஒரு போன் நம்பர் இருக்கும். புருசன்மார் கையில் வைத்திருக்கும் சொந்த நம்பர் போகிற மாநிலத்துக்குத் தக்கபடி மாறும். வீட்டுப் பெண்டுகளின் நம்பர் ரீசார்ஜ் தீர்ந்தால் செத்துக் கிடக்கும். வண்டியில் எழுதிய நம்பர் மட்டும் சாகாது. அதனால் ஆதார், ரேஷன் கார்டு, கேஸ், பள்ளிக்கூடம் என்று எவன் போன் நம்பர் கேட்டாலும் வண்டி நம்பரைக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம்.

சௌந்திரமும் அதைத்தான் கொடுத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான் என்று நான் சொன்னால் அவளே ஒப்புக்கொள்ளமாட்டாள். இன்னொன்றும் செய்தாள், அதை அப்புறம் சொல்கிறேன்.

அவள் புருசன் ராசப்பன். வெங்கடாசலம் என்ற ஒரம்பரைக்காரரோடு, அதாவது சொந்தக்காரரோடு, கூட்டுச் சேர்ந்து ரிக் ஓட்டுகிறவன். ஆயுதபூசை முடிந்து வடக்கே போனால் ஆடியில்தான் திரும்புவான். மழைக்காலத்தில் அங்கே சேற்றில் வண்டி இறங்காது. மற்ற மாதமெல்லாம் திருச்செங்கோட்டுக்கும் ஜேடர்பாளையத்துக்கும் நடுவே, வாய்க்கால் தண்ணீர் எட்டிப் பார்க்காத மேட்டுக்காட்டில், சௌந்திரம் ஒருத்திதான் எல்லாம். விடியக் கட்டுத்தறி கூட்டி, பால் பீச்சி, சொசைட்டிக்கு ஊற்றி, சோளத்தட்டு அறுத்துப் போட்டு, குச்சிக்கிழங்குக் காட்டில் களையெடுக்க ஆள் விட்டு, தானும் அவர்களோடு குனிந்து நின்று, பொழுது இறங்கினால் மறுபடியும் பால். ஊரெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவன் காட்டில் கிணறு வற்றிக் கிடப்பதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கத் தெரிந்தவள்தான்.

மகள் தனப்பிரியா ஒரே பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருசம் டாக்டர் படிப்புக்கான என்ட்ரன்ஸ் எழுதினாள். கொஞ்சத்தில் தவறிப்போனது. உடனே வெங்கடாசலம் தன் மகனுக்குப் பெண் கேட்டுவிட்டார். கூட்டு வண்டி ஒரே வீட்டு வண்டியாகிவிடும், அதற்குமேல் அவருக்கு என்ன வேண்டும்? ராசப்பனும் தலையாட்டுகிறவன் போலத்தான் இருந்தான். சௌந்திரம் கூடத்தில் ஒரம்பரை எல்லாரும் உட்கார்ந்திருக்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவ எழுதட்டுமுங்க. இந்த ஒரு தடவதான். கெடைக்கலீன்னா நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டுவா. நானே நீட்டச் சொல்றேன். போதுமுங்களா?"

வெங்கடாசலம் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "பேச்சுப் பேச்சா இருக்கோணும் அம்மிணி."

"என்ற பேச்சு எப்பங்க மாறிச்சு?"

இப்படித்தான் தனப்பிரியா சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கோச்சிங் சென்டர் விடுதிக்குப் போனாள். அங்கே போன் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுதி வராந்தாவிலிருந்து பேசலாம். அதனால் அப்ளிகேசன் போடுகிற வேலையும் சௌந்திரத்தின் தலையில் விழுந்தது. ஊரில் ஸ்ரீதேவி என்கிற பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். மகளின் போட்டோவையும் மார்க் சீட்டையும் பையில் போட்டுக்கொண்டு சௌந்திரம் அங்கே போய் உட்கார்ந்தாள்.

"போன் நம்பர் சொல்லுங்கக்கா. அதுக்குத்தான் ஓடிபி வரும். பரிட்சை சம்பந்தமா எது வந்தாலும் அதுக்குத்தான் வரும்."

சௌந்திரம் வண்டி நம்பரைச் சொன்னாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். சொல்லிவிட்டு ராசப்பனைக் கூப்பிட்டாள். அங்கே கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் இந்தப் பக்கம் ஸ்ரீதேவியின் கடையே அதிர்ந்தது.

"ஏனுங்க, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க!"

"என்னது?"

"நம்பருங்க! போனுக்கு வந்திருக்கும், அதப் படிங்க!"

"கல்லு வந்திருச்சு புள்ள, அப்புறம் பேசறேன்."

"கல்லு கெடக்குது, அந்த மிசின நிறுத்துங்க! உங்க புள்ள படிப்புங்க!"

மிசின் நின்றது. ராசப்பன் ஒவ்வொரு எண்ணாகக் கத்தினான். அதற்குள் நேரம் முடிந்து அது செல்லாமல் போக, இன்னொன்று வரவழைத்து, அவன் மறுபடியும் கத்த, கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஸ்ரீதேவிதான் சொன்னாள்.

"அக்கா, உங்க நம்பரையே போட்டுக்கலாமுங்களே. அவுரு காட்டுக்குள்ள இருக்கறாரு."

"என்ற போனு நாளைக்கே மாட்டுத்தொட்டியில உழுந்தாலும் உழுந்துரும். இது வண்டி நம்பரு கண்ணு. எத்தன வருசமானாலும் நிக்கும்."

ஸ்ரீதேவி அதை அப்படியே விட்டுவிட்டாள். ஒரு இமெயிலையும் உண்டாக்கி, அதையும் அந்த நம்பரோடே கட்டிவிட்டாள். சௌந்திரம் திருப்தியாக வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டினாள்.

பரிட்சை வைகாசி வெயிலில் வந்தது. பனமரத்துப்பட்டி ரோட்டில் ஒரு கல்லூரி. தனப்பிரியாவோடு ஒரே விடுதியில் படித்த சண்முகப்பிரியாவுக்கும் அதே சென்டர். அவள் அம்மா பொன்னாயி கார் பிடித்திருந்தாள், நாலு பேரும் ஒன்றாகப் போனார்கள். வாசலில் பெண் பிள்ளைகளைத் தடவிப் பார்த்தார்கள், தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், பின்னிய தலையை அவிழ்க்கச் சொன்னார்கள். தனப்பிரியா கையில் கட்டியிருந்த கோயில் கயிற்றைக் கத்தரித்துக் கீழே போட்டார்கள். சௌந்திரம் அதைக் குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். டாக்டருக்குப் படிக்க வந்த பிள்ளையைத் திருட வந்தவளைப்போல் நடத்துகிறார்களே என்று அவளுக்கு அடிவயிறு எரிந்தது. பரிட்சை நடத்துகிற ஏஜென்சியின் உத்தரவாம். அந்த ஏஜென்சி எங்கே இருக்கிறது, கறுப்பா சிவப்பா என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தாய்மார்கள் எலுமிச்சம்பழச் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பரிட்சை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. செம்மண்ணைச் சுருட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே இடியும் மழையும். ஒரு புளியமரக் கிளை முறிந்து கம்பிமேல் விழ, கரண்ட் போனது. கட்டடத்துக்குள் வெளிச்சம் முழுக்க அணைந்து கன்னங்கரேலென்று ஆனதை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது.

சௌந்திரம் மழையில் நனைந்துகொண்டே கேட்டுக்கு ஓடினாள். அங்கே மாரியப்பன் என்கிற வாட்ச்மேன் குடையோடு நின்றிருந்தான்.

"ஏனுங்க, புள்ளைங்க எழுதறாங்க உள்ள! ஜெனரேட்டர் இல்லீங்களா?"

"இருக்குதும்மா. டீசல்தான் இல்ல."

"டீசல் இல்லியா? எந்த பங்குல வேணும் சொல்லுங்க, நான் கேன்ல வாங்கியாறேன். டீசல்லயே பொழைக்கற ஊடுங்க எங்களது!"

"ஏஜென்சிக்காரங்க சொல்லாம உள்ள ஒண்ணும் போகக் கூடாதும்மா."

"அவுங்களக் கூப்புடுங்க, நான் பேசறேன்."

"அவங்க இங்க ஏதும்மா? டெல்லியில இருந்து பேப்பர் அனுப்புறாங்க, கேமராவுல பாக்கறாங்களாம். நாங்க ஹாலு வாடகைக்குக் குடுத்திருக்கோம், அவ்ளோதான்."

"கேமராவுல பாக்கறவங்களுக்கு இருட்டுத் தெரியலியா?"

"கரண்டு இல்லன்னா கேமராவும் ஓடாதே," என்றான் மாரியப்பன். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. சண்முகப்பிரியா அழுதுகொண்டு வந்தாள். தனப்பிரியா அழவில்லை. அவிழ்ந்த தலையோடு நேராக வந்து அம்மாவின் ஈரச் சேலையில் மூஞ்சியை வைத்துக்கொண்டாள்.

"சொவுத்தோரம் போட்டுட்டாங்கம்மா என்னைய. சன்னல்கிட்ட இருந்தவீகளுக்குக் கொஞ்சம் தெரிஞ்சுது. எனக்குப் பிசிக்ஸ் கேள்வி எழுத்தே தெரியல. தெரிஞ்ச கணக்குங்கம்மா. எல்லாம் தெரிஞ்ச கணக்கு."

"நேரம் சேத்திக் குடுக்கலியா சாமி?"

"கேட்டமுங்க. உத்தரவில்லைன்னுட்டாங்க."

அன்றிலிருந்து பிள்ளை, வீட்டில் விட்டுப்போயிருந்த தன் போனையே கட்டிக்கொண்டு அழுதாள். விடுதிப் பெண்களின் வாட்ஸ்அப் கூட்டத்தில் யாராவது விடைகளைப் போடுவார்கள், இவள் எண்ணிப் பார்த்து எண்ணிப் பார்த்து, சோற்றுத் தட்டிலேயே தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி நெய் ஊற்றிக் கொடுத்தாலும் இறங்கவில்லை. மறுபரிட்சை இல்லவே இல்லை என்று ஏஜென்சி ஒரு அறிக்கை போட்டதைப் படித்த அன்றைக்கு, வாந்தி எடுத்துக் கட்டுத்தறியோரம் சுருண்டு விழுந்தாள். சௌந்திரம் பயந்துபோனாள். கிணறு வற்றிக் கிடந்தாலும் விழுகிறவளுக்குக் கிணறுதானே. அந்தப் போனைப் பிடுங்கி அணைத்து, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

"ரிசல்ட்டு வர்ற வரைக்கும் இந்தச் சனியன் உனக்கு வேண்டாம் கண்ணு. காட்டுக்கு வா, என்ற கூட நில்லு. காத்தாட இரு."

தனப்பிரியா மறுக்கவில்லை. காட்டுக்கு வந்தாள், குச்சிக்கிழங்கில் களை பிடுங்கினாள், கை கொப்புளித்தது. ராத்திரி தூங்கினாள். அவள் தூங்குவதைப் பார்த்துச் சௌந்திரத்துக்கு நிம்மதியாக இருந்தது. இதுதான் நான் முன்னே சொன்ன இன்னொன்று. பெற்றவள் வேறென்ன செய்வாள்? எனக்கும் தெரியவில்லை.

சொசைட்டியில் பால் ஊற்றுகிற இடத்தில் ஒருநாள் யாரோ சொன்னார்கள், கரண்ட் போன சென்டர்ப் பிள்ளைகள் சிலர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்களாம், மறுபரிட்சை வந்தாலும் வருமாம். சௌந்திரம் கேனை அங்கேயே வைத்துவிட்டுக் கோச்சிங் சென்டர் வாத்தியார் சரவணமுத்துவைக் கூப்பிட்டாள். அடுத்த பேட்ச் சேர்க்கையில் அவர் மும்முரமாக இருந்தார்.

"கேஸ் போட்டவங்களுக்கு மட்டும்தாம்மா கிடைக்கும்னு பேசிக்கறாங்க. எப்படியிருந்தாலும் எழுதத் தகுதி உள்ளவங்களுக்கு ஏஜென்சியிலிருந்து மெசேஜ் வரும். மெசேஜ் வரலைன்னா நீங்க அலையவே வேண்டாம்."

மகளிடம் இதைச் சொல்லவில்லை. இல்லாத ஆசையைக் கிளப்பிவிட்டு, அதுவும் போனால் பிள்ளை தாங்கமாட்டாள் என்று நினைத்தாள். ராசப்பனிடம் மட்டும், பேசும்போதெல்லாம் கேட்டாள்.

"மெசேசு வந்துச்சுங்களா?"

"பாத்துட்டுத்தான் இருக்கறேன் புள்ள. காட்ட உட்டு டீசலுக்கு டவுனுக்கு வந்தா, கொட்டுகொட்டுன்னு கொட்டுது. டோல்காரன், பேங்குகாரன், சீட்டு வெளையாடக் கூப்புடறவன், எல்லாரும் அனுப்பறான். நம்ம புள்ளைக்கு ஒண்ணுமில்ல."

"இங்கிலீசுல இருக்குமுங்க. யாருகிட்டயாச்சும் காட்டிக் கேளுங்க."

"ஏன், எனக்குத் தெரியாதா? எம்புள்ள பேரு எந்த எழுத்துல இருந்தாலும் எனக்குத் தெரியும். தெனமும் அதும்மூஞ்சிலதான முழிக்கறேன்."

ராசப்பன் ஐந்தாவதோடு நின்றவன். ஆனால் அவன் சொன்னது மெய்தான். லாரியின் கதவில் தமிழிலும் இங்கிலீசிலும் மகள் பேர் சிவப்பு எழுத்தில் இருந்தது. இங்கிலீசில் அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது. சௌந்திரமும் நம்பிவிட்டாள்.

ரிசல்ட் வந்தது. போன தடவையைவிடக் குறைவு. தனப்பிரியா ஸ்ரீதேவி கடையில் அதைப் பார்த்துவிட்டு வந்து, தட்டறுக்கிற அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனாள். போனை அவள் கேட்கவுமில்லை, சௌந்திரம் பீரோவைத் திறக்கவுமில்லை. ரிசல்ட் எதிர்பார்த்த சாவுதான், ஆனாலும் சாவு சாவுதானே. வெங்கடாசலம் ஆள் மூலமாகச் சொல்லிவிட்டார். ஆவணி பிறக்கட்டும், பேச்சு ஞாபகமிருக்கட்டும் என்று.

ஆடி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கிய சமயத்தில் பொன்னாயி வந்தாள். கையில் கச்சாயப் பலகாரம் நிறைந்த எவர்சில்வர் போசி. சௌந்திரம் பாயை விரித்துப் போட்டு, சந்தவை பிழியட்டுமா என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாமுங்கக்கா. சண்முகப்பிரியாளுக்கு கவருமெண்டு சீட்டு வர்றாப்பல இருக்குதுங்க. உங்ககிட்டச் சொல்லாம எப்படிங்க, ஒண்ணாப் போனோம் வந்தோம்."

"நல்லா இருக்கட்டுமுங்க. அவ சன்னல்கிட்ட உக்காந்தாளாட்டக்குது." சௌந்திரத்துக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. இல்லையென்று நான் ஏன் பொய் சொல்லவேண்டும்?

"அதுல எங்கீங்க எழுதினா? அழுதுட்டு வந்தாளே, நீங்களே பாத்தீங்கல்லொ. இந்த ரெண்டாவது பரிட்சையிலதானுங்க நல்லாப் பண்ணுனா. தனப்பிரியா ஏனுங்கக்கா வரல? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

சௌந்திரம் போசியைக் கீழே வைத்தாள்.

"எந்த ரெண்டாவது பரிட்ச?"

பொன்னாயியின் முகம் மாறியது. "மறுபரிட்சைங்க. நம்ம சென்டர்ல எழுதுன அத்தன பேருக்கும் வெச்சாங்களே. ரிசல்ட்டுக்கு முன்னாலயே, நாமக்கல்ல. எல்லாருக்கும் மெசேசு வந்துதுங்களே அக்கா. எழுதாதவீகளுக்குப் பழைய மார்க்குத்தான்னு போட்டிருந்துது."

"எங்களுக்கு வரல."

"எம்புள்ள தனப்பிரியாளுக்கு எத்தனையோ போன் போட்டாளுங்க, எடுக்கவே இல்ல. போன்ல எழுதிக்கூட அனுப்புனா. வேற எடத்துல எழுதறாளாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டமுங்க."

"ஊடு தெரியாதா உங்களுக்கு? வந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"இப்படி ஆவும்னு ஆரு கண்டதுங்க?" என்று பொன்னாயி அழுதுவிட்டாள். அவளை நோவதில் நியாயமில்லை. எழுதுகிற அவசரத்தில் அவரவர் பிள்ளை அவரவருக்கு.

அவள் போனபிறகு சௌந்திரம் பீரோவைத் திறந்தாள். போனை இழுத்த இழுப்பில் பட்டுச்சேலையெல்லாம் சரிந்தது. அதைச் சார்ஜ் போட்டாள். அது உயிர் பெற்றதும் மெசேஜ் மேல் மெசேஜாக வந்து விழுந்தது. ஈரத்தட்டுக் கட்டைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு உள்ளே வந்த தனப்பிரியா அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றாள். வாங்கிப் பார்த்தாள். சண்முகப்பிரியாதான். ரீ எக்ஸாம் வெச்சுட்டாங்கடி. எங்கடி இருக்க? ஒண்ணாப் போலாமா? போன எடுடி. கடைசியாக, நான் ஹாலுக்குள்ள போறேன், நீ வந்திருக்கியா என்று.

தனப்பிரியா படித்து முடித்து, போனை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வெச்ச எடத்துலயே வெச்சுருங்கம்மா."

அவள் ஒரு சத்தம் போட்டிருந்தால் சௌந்திரத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் மாடுகள் மடி கட்டிக் கத்தியும் அவள் எழுந்திருக்கவில்லை. தனப்பிரியாதான் பால் பீச்சினாள்.

அந்த வாரத்திலேயே ராசப்பன் வண்டியோடு வந்து சேர்ந்தான். ஆறு மாநிலத்துப் புழுதியையும் சேற்றையும் சுமந்துகொண்டு ரிக் வாசலில் கிழக்குப் பக்கமாக வந்து நின்றது. பேரும் நம்பரும் மட்டும் துடைத்து வைத்தபடி பளிச்சென்று இருந்தன. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஊருக்குள் போவான். மகளுக்குச் சுடிதார் துணி, பொண்டாட்டிக்குச் சேலை என்று பையைப் பிரித்தவனிடம் சௌந்திரம் கையை நீட்டினாள்.

"வண்டிப் போனக் குடுங்க."

தனப்பிரியா வாசல்படியில் உட்கார்ந்து தேடினாள். டோல், பேங்க், சீட்டாட்டம், டீசல் கார்டு. விரல் போய்க்கொண்டே இருந்து ஓரிடத்தில் நின்றது.

"வந்திருக்குதுங்கம்மா."

ராசப்பன் எட்டிப் பார்த்தான். "எங்க? எங்க இருக்குது பேரு?"

"பேரு இல்லீங்கப்பா. 'டியர் கேண்டிடேட்'னு இருக்குது. அப்புறம் என்ற அப்ளிகேசன் நம்பரு."

"பேரு போடலியா?"

"போடமாட்டாங்கப்பா."

சௌந்திரத்துக்கு அதுவரை அடைத்து வைத்திருந்தது எல்லாம் வெடித்தது. "கண்ணுல என்னத்த வெச்சுட்டுப் பாத்தீங்க? யாருகிட்டயாச்சும் காட்டுங்கன்னு தலப்பாடா அடிச்சுட்டனே! எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு என்ற புள்ள வாயில மண்ணப் போட்டுட்டீங்களே! பத்து ஊரு கல்ல ஒடைக்கத் தெரியுது, கையில இருக்கறதப் படிக்கத் தெரியல!"

ராசப்பன் எழுந்து வண்டியின் கதவைத் தொட்டுக் காட்டினான்.

"இந்த எழுத்தத்தான் தேடுனேன் புள்ள. ஒவ்வொரு மெசேசுலயும் இதத்தான் தேடுனேன். ஒண்ணுகூட உடல. எம்புள்ளைக்கு வர்ற கடுதாசியில எம்புள்ள பேரு இல்லாம இருக்கும்னு நான் நெனைக்கலியே."

சௌந்திரம் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். பீரோவைப் பூட்டியது யார் கை என்பதும் அவளுக்கு நினைவு இருந்தது.

மெசேஜின் அடியில் ஒரு உதவி நம்பர் இருந்தது. ராசப்பன் கூப்பிட்டான். வடக்கே பங்க்காரனோடும் போலீஸ்காரனோடும் மல்லுக்கட்டிப் பழகிய இந்தி அவனுக்கு உண்டு. நெடுநேரம் பாட்டு ஓடியபிறகு ஒரு பெண் எடுத்தாள். இவன் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். தனப்பிரியா இந்தி தெரியாத அம்மாவுக்கு அரைகுறையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். விடுதியில் வடக்கத்திப் பெண்களோடு இருந்ததில் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"அப்ளிகேசன் நம்பர் கேக்கறாங்கம்மா. அப்பா என்ற பேரச் சொல்றாரு. பேரு வேண்டாம், நம்பருங்கறாங்க."

நம்பர் சொல்லப்பட்டது. அந்தப் பெண் ஏதோ தட்டிப் பார்த்தாள்.

"மெசேஜ் போய்ச் சேர்ந்திருச்சுன்னு காட்டுதாம். அப்பா, எங்களுக்குத் தெரியலியேங்கறாரு. போய்ச் சேர்ந்திருச்சு, எங்க பக்கம் முடிஞ்சுதுங்கறாங்க."

ராசப்பன் இன்னும் ஒன்று கேட்டான். அவன் கேட்டதைத் தனப்பிரியா அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் இந்தி தெரியாத சௌந்திரத்துக்குக்கூட மகள் பேர் நடுவில் வந்தது கேட்டது.

"என்ன கேக்கறாரு?"

"பேரப் போட்டிருக்கலாமில்லன்னு கேக்கறாருங்கம்மா."

"அதுக்கு என்ன சொல்றா அவ?"

"எல்லாத்துக்கும் ஒரே மெசேசுதானாம்."

பேச்சு முடிந்தது. அந்தப் பெண் போனபிறகு ஒரு இயந்திரக் குரல் வந்து, சேவை திருப்தியாக இருந்தால் ஒன்றை அழுத்தச் சொன்னது. ராசப்பன், இன்னும் யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்து, ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சௌந்திரம் போனைப் பிடுங்கிப் படியில் வைத்தாள்.

அவள் வாசலில் இறங்கினாள். உச்சி வெயில். ஆடிக்காற்று மேற்கே குச்சிக்கிழங்குக் காட்டைப் புரட்டிக்கொண்டு ஓயாமல் அடித்தது. அநியாயம் செய்தவன் வீட்டு வாசலில் உச்சிப்பொழுதில் நின்று மண்ணை வாரித் தூற்றுவது அந்தப் பக்கத்துப் பெண்களின் கடைசி ஆயுதம். வேறு எங்கும் நியாயம் கிடைக்காதபோதுதான் அதை எடுப்பார்கள். சௌந்திரம் வாழ்நாளில் அதுவரை எடுத்ததில்லை. எடுக்கலாம் என்றால் வாசல் எங்கே இருக்கிறது? ஹால் வாடகைக்கு விட்டேன் என்கிறவன் வாசலிலா? மெசேஜ் வரும் என்ற வாத்தியார் வாசலிலா? கச்சாயம் கொண்டுவந்த பொன்னாயி வாசலிலா?

"ஏனுங்க, டெல்லி எந்தத் தெசைங்க?"

ராசப்பன் விளங்காமல் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி வடக்கே, பக்கத்துக் காட்டுக் கோழிப்பண்ணைக்கு அப்பால் காட்டினான். "அக்கட்ட. நெம்ப தூரம் போகோணும்."

சௌந்திரம் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். கோழிப்பண்ணைத் தகரக்கூரைக்கு மேலே பார்த்தபடி வடக்கே திரும்பி நின்றாள்.

"என்ற புள்ளைய இருட்டுல ஒக்கார வெச்சவனே! பேரச் சொல்லிக் கூப்புடத் தெரியாதவனே! நீ ஆரோ, எங்க இருக்கறியோ! உன்ற புள்ள பேரையும் ஒருத்தனும் சொல்லாமப் போவோணும்! வயிறெரிஞ்சு சொல்றேன், நல்லா இருக்கமாட்டே! நாசமாப் போவே!"

பலங்கொண்ட மட்டும் வீசினாள். மண் வடக்கே பாதி தூரம்கூடப் போகவில்லை. மேற்கிலிருந்து வந்த காற்று அதை அப்படியே அள்ளிச் சுருட்டிக் கிழக்கே கொண்டுபோய் ரிக் வண்டியின் கதவில் அடித்தது. சிவப்பு எழுத்துகள் முழுக்கப் புழுதி.

சௌந்திரம் "ஐயோ சாமி!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். சாபமிட்ட மண் எந்தப் பேர்மேல் விழுமோ அந்தப் பேருக்குத்தான் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த விசயம். முந்தானையால் அந்த எழுத்துகளைத் தேய்த்தாள். "எம்புள்ளைக்கில்ல, எம்புள்ளைக்கில்ல, தெரியாமப் போட்டுட்டேன், நான் சொன்னது இந்தப் பேருக்கில்ல" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டே தேய்த்தாள். ராசப்பன் அவள் தோளைப் பிடித்தான், உதறினாள்.

தனப்பிரியா மாட்டுத்தொட்டியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொண்டுவந்தாள்.

"தண்ணி ஊத்தித் தொடைங்கம்மா. காஞ்ச மண்ணத் தேச்சா பெயிண்டு போயிரும்."

அவளே கதவில் தண்ணீரை ஊற்றினாள். செம்மண் கரைந்து வழிந்தது. சௌந்திரம் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தாள், தமிழில் இருந்ததை முதலில், இங்கிலீசில் இருந்ததைப் பிறகு. மகளின் பேர் பளிச்சென்று வந்தது. கீழே நம்பர்மேல் சேறு வழிந்து காய ஆரம்பித்தது. அதை அவள் துடைக்கவில்லை.